மைனஸ் ஒரு செகண்ட்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து தாயில்பட்டி வரைக்கும் எத்தனை பட்டாசுக் கம்பெனி உண்டோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள். இன்னும் கொளுத்தாத வெடிக்குப் பயந்து ஓடியவர் ஒரே ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் கம்பெனியில் வாணச் சோதனை பார்த்த மைனஸ் அண்ணாச்சி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த மூன்று வருஷமும் அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு சின்னப் பாறைக் குன்று. புது வாணங்களை அதன் உச்சியில் குழாய் நட்டு, மேலே விட்டுச் சோதிப்பார்கள். வானத்தில் வெடிக்காமல் போகிற வாணம் எத்தனை செகண்டில் அடிவாரத்தில் வந்து விழும் என்று கணக்குப் போடுவது அண்ணாச்சியின் வேலை. முதலில் மனக்கணக்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து வந்த மருமகன் கிராப் வரைகிற, எழுத்துகளை வைத்தே கணக்குப் போடுகிற ஒரு கால்குலேட்டரைக் கொடுத்தான். எங்களுக்குச் சனி பிடித்தது.

முதல் நாளே ஆபீசுக்குள் பாய்ந்து வந்தார். "ஏலே, நீ கணக்குப் படிச்சவந்தானே? எம்புட்டு செகண்டுன்னு கேட்டா 'ரெண்டு கூட்டல் ரூட் ஏழு'ங்குது. ரூட் ஏழு செகண்ட் எண்ணத் தெரிஞ்சவன் இங்கன எவன்லே இருக்கான்?"

விடையைத் தசமத்தில் காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் வேறு வியாதி. எந்தச் சமன்பாட்டைப் போட்டாலும் 'ஃபால்ஸ்' என்றே பதில் வந்தது. அண்ணாச்சி முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னையப் பொய் சொல்றான்ங்குதுலே. முப்பது வருசத்துல மொதலாளிகூட அப்படிச் சொன்னதில்ல."

உள்ளே தோண்டிப் பார்த்தேன். நேரத்துக்கு 't' என்று எழுதுவோம் இல்லையா? அந்த 't'-யில் யாரோ இருபத்தைந்து என்று ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். மெஷின் நேரத்தைக் கண்டுபிடிக்காமல் இருபத்தைந்தைப் பொருத்திப் பார்த்து, சரிவராது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் பெருமையாக அதை அழித்தேன்.

"அடப்பாவி! இருபத்தஞ்சு பேர அழிச்சிட்டியேலே!"

ஆபீசே எழுந்து நின்றது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. குன்றுக்கு ஏறுகிறவர்களை அண்ணாச்சி தலை தலையாக எண்ணி, 'தலை'க்கும் 't' என்றே மெஷினில் போட்டு வைப்பாராம். சோதனை முடிந்ததும் மறுபடி எண்ணி ஒத்துப் பார்ப்பாராம். தலைகளுக்கு வேறு ஒரு எழுத்தை ஒதுக்கிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது வியாதிதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு வாணத்துக்கு மெஷின் இரண்டு விடை சொன்னது. ஒன்று, ஐந்து செகண்ட். இன்னொன்று, மைனஸ் ஒரு செகண்ட்.

"அதக் கண்டுக்காதீக அண்ணாச்சி. கணக்குல அப்படித்தான் வரும்."

"கண்டுக்காம இருக்கதுக்கா மெஷின் சொல்லுது? பத்த வைக்கதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே வந்து விழும்ங்குது."

"காலம் பின்னால போகாது அண்ணாச்சி."

"அது ஒனக்குத் தெரியும். மருந்துக்குத் தெரியுமா?"

அன்று முதல், திரியைத் தொடும் முன்பே எல்லோரும் பெரிய பாறைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வீட்டில் அண்ணி அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினாலே இவர் தெருவில் நிற்பார். எதிரில் யாராவது தும்ம மூக்கைச் சுருக்கினால் இவர் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

ஆளை ஒதுக்கி நிறுத்துவதிலேயே பாதிப் பொழுது போனது. சீசன் நேரத்தில் முதலாளி கொதித்துவிட்டார். வடக்கேயிருந்து ஒரு வியாபாரி பெரிய ஆர்டரோடு வரப்போகிற நாள் அது. "இன்னைக்கு அந்த ஆளு மைனஸுன்னு கூத்தடிச்சா, மெஷினோட வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ அந்த மைனஸ எடுத்துரு."

எடுத்தேன். சமன்பாட்டோடு 'நேரம் பூஜ்யத்துக்கு மேல்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். ஐந்து மட்டும் வந்தது. அன்று குன்றின் உச்சியில் வியாபாரிக்காகப் பந்தல், நாற்காலிகள், நடுவில் துண்டு விரித்த முதலாளி நாற்காலி. அண்ணாச்சி விடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் அதைவிடக் குறுகி நான் நின்றதில்லை.

"மறைச்சா இல்லாமப் போயிருமாலே?"

நிபந்தனையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மைனஸ் ஒன்று திரும்பி வந்தது. நேராகப் பந்தலுக்குப் போய்க் கையைக் கூப்பினார். "எல்லாரும் பாறைக்கு அங்கிட்டு வாங்க. மொதலாளி, நீங்களும் எந்திரிங்க."

"யோவ், இன்னும் பத்தவே வைக்கலையே!"

"அதான் மொதலாளி. வச்ச பொறவு ஒதுங்க நேரமிருக்காது."

வேலை போனது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனாலும் கூப்பிய கையை இறக்கவில்லை. வியாபாரி ஏதோ சடங்கு என்று நினைத்து முதலில் எழுந்தார். வேறு வழியில்லாமல் முதலாளியும் எழுந்தார். எண்ணி முடித்த அண்ணாச்சி, நீளத் திரியில் நெருப்பை வைத்துவிட்டுப் பாறைக்கு ஓடி வந்தார்.

குழாய் மெதுவாகச் சாய்ந்தது. வாணம் வானத்துக்குப் போகாமல் படுத்தவாக்கில் பந்தலுக்குள் புகுந்தது. முதலாளியின் நாற்காலி துண்டோடு எழும்பி, சிவப்பும் பச்சையுமாகப் பூத்து, குன்றுக்கு அந்தப் பக்கம் போனது.

வியாபாரி மட்டும் கைதட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு! இந்த ஐட்டத்துக்கு என்ன பேரு? நாற்காலி சேர்த்துக் குடுப்பீங்களா, நாங்க வாங்கிக்கணுமா?"

முதலாளி தன் நாற்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அந்த மைனஸு மெஷின்லயே கெடக்கட்டும்" என்றார்.

அண்ணாச்சி இது எதையும் கேட்கவில்லை. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வியாபாரி தலை, முதலாளி தலை, குழாய் நட்டவர்கள் தலை. மைனஸை மறைத்த கோபத்தில் என்னைக் கடைசியாகத்தான் தொட்டார். "இருபத்தேழு" என்றார். திரையிலும் இருபத்தேழு. அப்புறம்தான் கீழே உட்கார்ந்தார்.

எனக்கு இப்போது மதுரையில் வேலை. எத்தனையோ கூட்டத்தில் நிற்கிறேன், கலைகிறேன். என் தலையைத் தொட்டு எண்ணிவிட்டு நிம்மதியாக உட்கார அங்கே ஓர் ஆள் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் மனசு கிடந்து ஏங்குகிறது.