சனிக்கிழமைக்காக வாங்கிய ஜிபிஎஸ்

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமையாவது மனுஷனாக வாழ்வது என்று முடிவு செய்தேன். நான் கிருபானந்தம். ஸ்ரீசிட்டியில் வேலை, திருப்பதியில் வீடு, கங்காதர நெல்லூரில் மாமியார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அத்தனை வருஷத்துச் சனிக்கிழமையையும் மாமியார் வீடு முழுங்கிவிட்டது. அங்கே எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கலாம். நடுவில் செத்துப்போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆபீசில் கிரண்குமார் என்று ஒருத்தன். ஜீப் வைத்திருக்கிறான். லீவு விட்டால் காடு, மலை, ஓடை என்று ஓட்டிக்கொண்டு போவான். போன வருஷம் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு அவனோடு ஒரு தடவை போனேன். மலையில் டவர் இல்லை, போன் கையை விரித்துவிட்டது. ஒரே புளியமரத்தை நாலு தடவை சுற்றி வந்தோம். கடைசியில் ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ஆடுகளோடு ஆடாக எங்களையும் ஓட்டிவந்து ரோட்டில் விட்டாள். அன்றிலிருந்து நான் மலை என்று வாயெடுத்தாலே என் மனைவி யூனிஸ் ஒரே கேள்வி கேட்பாள்: "வழி தெரியுமா?"

அந்த வாயை அடைக்கத்தான் கையில் பிடிக்கிற ஜிபிஎஸ். டவரே வேண்டாம், நேராக சாட்டிலைட். அவள் நல்ல மூடில் தோசை சுட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"வாங்கிக்குங்க," என்றாள்.

தோசை தொண்டையிலேயே நின்றது. அதோடு விட்டாளா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கணக்கு டீச்சர்.

"இது டச் ஸ்கிரீன். சூப்பரா கீது பாரு," என்றேன்.

"சேத்துக் கையால தொட்டா வேலை செய்யுமா?"

"மலையில ஏதும்மா சேறு?"

"பட்டன் வெச்சதே இருக்கட்டும். எவ்ளோ தப்பு காட்டும்?"

"மூணு மீட்டர்."

"மூணா? கம்மியா வராதா?"

"காட்டுல மூணு மீட்டர் தள்ளி நின்னா புலியா வந்து புடிக்கப்போவுது?"

"சரி. ஒரு எடத்தைச் சுத்தி நடந்தா, உள்ள எவ்ளோ எடம்னு சொல்லுமா?"

"அது எதுக்கு?"

"நீங்கதான் சுத்திச் சுத்தி வருவீங்களே."

சிரித்தாள். நானும் சிரித்தேன், முட்டாள். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று கண் கூடக் கலங்கியது. கடைசியில் அவளே ஒன்றைப் பொறுக்கினாள். பெட்டி வந்ததும் பிரித்தவளும் அவள்தான்.

"வழி தப்பினா இந்த வீட்டு பட்டனை அமுக்குங்க. வீட்டுக்கு வழி காட்டும். நானே செட் பண்ணி வெக்கிறேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணி. புது ஷூ, தொப்பி, முதுகில் பை. ராஜா மாதிரி இறங்கினேன். வாசலில் ஜீப். முன் சீட்டில் யூனிஸ், மடியில் சாப்பாட்டுக் கூடை.

"வதின செப்பிந்தி அன்னா," என்றான் கிரண்குமார், என் முகத்தைப் பார்க்காமல். அண்ணி சொல்லிவிட்டாளாம்.

"எங்க போறோம்?"

"கங்காதர நெல்லூருக்குத்தான். நைனா உட்டுட்டுப் போன நிலத்தைப் பிரிக்கணும் இல்ல? டைட்டஸ் கயிறு புடிச்சி அளந்த லட்சணம் எனக்குத் தெரியும். நாமளே ஒரு வாட்டி அளந்துக்கலாம்." டைட்டஸ் அவள் தம்பி.

"நான் ஆஃப்ரோடு போவணும்னுதானே..."

"வரப்பு மேல இன்னா தார் ரோடா போட்டுக் கீது?"

டைட்டஸ் கணக்கில் யூனிஸ் பாகம் மூன்று ஏக்கர். முந்தின நாள்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள். புது ஷூ முதல் வரப்பிலேயே போயிற்று. சேற்றுக் கையால் பட்டனை அமுக்கி அமுக்கி ஒரு சுற்று வந்து, நாற்காலியைத் தேடினேன்.

"மூணு மீட்டர் தப்பு காட்டும்னீங்களே. இன்னும் ரெண்டு சுத்து வாங்க. சராசரி எடுத்துக்கலாம்."

என் நாற்காலியில் கிரண்குமார் வேர்க்கடலை துன்னுக்கினு இருந்தான். பதினாலு வருஷம் திட்டிய நாற்காலிக்காக அன்றைக்கு ஏங்கினேன்.

யூனிஸ் பாகத்தில் பதினெட்டு சென்ட் குறைந்தது. டைட்டஸ் தலையைச் சொறிந்தான், ஒத்துக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அந்த ஊர் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் ஒரு சீட்டை வாசித்தார். நிலம் அளக்க வேண்டியவர்கள் பேர் கொடுக்கலாம், சகோதரர் கிருபானந்தம் சனிக்கிழமைதோறும் ஊழியமாக அளந்து கொடுப்பார் என்று. சீட்டில் இருந்தது யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா? சபை மொத்தமும் ஆமென் சொன்னது. பாழாய்ப்போன பழக்கம், நானும் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு ஏழாவது சனிக்கிழமை. உச்சி வெயில். கிருஷ்ணப்பா என்பவருடைய கரும்புத் தோட்டம். மூன்றாவது சுற்றில் வெறுத்துப்போய்விட்டது. போதும்டா சாமி, யாரிடமும் சொல்லாமல் திருப்பதிக்கே ஓடிவிடுவோம் என்று கரும்புக்குள் புகுந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு. வீட்டு பட்டனை அமுக்கினேன்.

திருப்பதி அங்கிருந்து எழுபது கிலோமீட்டர். அம்பு சுழன்று நின்றது. வீடு, நூற்று நாற்பது மீட்டர் என்றது.

மாமியார் வீட்டைப் போட்டு வைத்திருக்கிறாள், மகராசி.