சடை என்று சொல்லாதே

“இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. வரப்போறது யாரு?”

“சீனவங்க.”

“வேகமா சொல்லுங்க.”

“சீனவங்க, சீனவங்க, சடைய...”

ஷாமினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மலேசியாவின் ரெம்பியாவில் டயர் கடை நடத்தும் ராமையாவின் நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய சீன ஆண்கள் முதுகில் நீளச் சடை தொங்கவிட்டிருந்தார்களாம். தோட்டத்துத் தமிழர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘சடையன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சடை போய் எந்தக் காலமோ ஆகிவிட்டது, பேர் மட்டும் போகவே இல்லை. சீனர் பக்கத்தில் நிற்கும்போதே அவரைப் பற்றிப் பேச வசதியாக வேறு இருந்தது.

இன்றைக்கு அந்த வசதி செல்லாது. ஷாமினி ஆபீஸில் கூட வேலை செய்யும் வெய் ஜியான், அப்பா அம்மாவோடு பெண் கேட்டு வருகிறான். அந்த வார்த்தையை அவன் நன்றாகவே அறிவான். ஒருநாள் ஷாமினியே வாய் தவறிச் சொல்லிவிட, அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன்.

“நம்ம தமிழங்கள யாராச்சும் கெலிங்னு கூப்பிட்டா சும்மா இருப்பீங்களாப்பா?”

“பல்ல ஒடைப்பேன்!”

“அது கலிங்க தேசத்துப் பேருன்னுதானே சொல்றாங்க? ராஜாங்கம் நடத்துன ஊரு. அதுல என்ன வலிக்குது?”

“சொல்ற தொனிதாம்மா வலிக்குது.”

“உங்க வார்த்தையிலயும் அதே தொனிதான். இன்னிக்கு அது வாயில வந்துச்சு, கல்யாணம் ஹாபிஸ்லா. அவ்ளோதான்.”

ராமையா ‘சீனவங்க, சீனவங்க’ என்று முணுமுணுத்துக்கொண்டார். முதலில் இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று குதித்தவர்தான். பையன் ஒருநாள் கடைக்கு வந்து, கேட்காமலேயே சட்டையைச் சுருட்டிக்கொண்டு டயர் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, இவனை விட்டால் வேறு மாப்பிள்ளை இல்லை என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மனத்துக்குள் அலோர் காஜாவில் கல்யாண மண்டபமே பார்த்தாகிவிட்டது.

வாசலில் கார் வந்து நின்றது. ராமையாவுக்குக் கை கால் ஓடவில்லை. கேட்டைத் திறந்துகொண்டே வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“கோமளா! சடை...”

பாதியில் நாக்கைக் கடித்தார். “சட்டை! சட்டைய எடுத்துக்கிட்டு வா!”

மனைவி கோமளா ஒன்றும் புரியாமல் ஒரு சட்டையோடு ஓடி வந்தாள். ராமையா ஏற்கெனவே புது பாத்தேக் சட்டையில் பளபளவென்று நின்றார். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் அதன் மேல் இதையும் மாட்டிக்கொண்டார்.

“எங்க வழக்கம்” என்றார் மலாயில். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பேச்சு அதுதான்.

வெய் ஜியானின் அம்மா உடனே காருக்குள் குனிந்து ஒரு கோட்டை எடுத்துத் தன் கணவர் லிம்முக்கு மாட்டிவிட்டார். மரியாதையில் குறை வைக்கக் கூடாதல்லவா! இரண்டு அப்பாக்களும் வேர்த்து வழிய நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“உங்க கடை மலாக்காவுல எந்தப் பக்கம்?” என்று ராமையா ஆரம்பித்தார்.

லிம் மலர்ந்த முகத்தோடு வாயைத் திறந்தார். மகன் வெய் ஜியானைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி வாசலைக் காட்டினார். காற்றில் சரக்கென்று ஒரு வெட்டு. அதன் பிறகு ஏதோ உயரமாக, கூராக வரைந்தார்.

ராமையாவுக்கு வியர்வை இன்னும் பெருகியது. போச்சு, வாசலில் கத்தியது மனுஷன் காதில் விழுந்துவிட்டது. வெளியே போறோம், உறவு வெட்டு, சூலத்தால் குத்திவிடுவேன் என்கிறார்!

ஷாமினி தேநீர் கொண்டுவந்தாள். லிம்மின் மனைவி அவள் முதுகில் பூவோடு தொங்கிய பின்னலை ஆசையாகத் தடவினார்.

“எவ்வளவு அழகு! இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?”

“முடி!” என்று ராமையா முந்திக்கொண்டார்.

“என் தலையில இருக்கறதும் முடிதானே? இப்படிப் பின்னினா?”

“பின்னினாலும் முடிதான். தமிழ்ல அதுக்கு வேற வார்த்தையே கெடையாது.”

தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்திய கோமளாவுக்குப் பொல்லாத இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். கோமளாவின் அண்ணன். அவர் பேர் அப்போதுதான் ராமையாவுக்கு உறைத்தது: சடையப்பன்! எழுந்து ஓடிப்போய் மச்சானின் தோளைக் கட்டிப்பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

“இவர் என் மச்சான். பேரு ரங்கசாமி.”

“யாரு மாப்ள ரங்கசாமி?” மச்சான் கையைத் தட்டிவிட்டார். “எங்கப்பா எனக்கு வச்ச பேரு சடையப்பன்! அத மாத்த நீங்க யாரு?”

“சடையப்பனா?” என்று லிம்மின் மனைவி ஆவலாகக் கேட்டார். “அதுக்கு என்ன அர்த்தம்?”

வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. மச்சான் உற்சாகமாக ஷாமினியின் பின்னலைத் தூக்கிக் காட்டினார்.

“இதான் சடை. சிவபெருமானுக்கு இருக்கு, அதான் என் பேரு. உங்க பாட்டன்மாருக்கும் அந்தக் காலத்துல இருந்துச்சுல்ல? அதான் உங்களயும் நாங்க சடையன்னு சொல்றது. நமக்கெல்லாம் ஒரே பேருலா!”

லிம் மெல்ல எழுந்து நின்றார். ஷாமினியின் கண் கலங்கிவிட்டது. ராமையா இரண்டு சட்டையோடும் பாய்ந்து போய் லிம்மின் கையைப் பிடித்தார்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிடாதீங்க! தப்பு எங்க மேலதான். நாளைக்கே கடைக்கு வந்து மன்னிப்புக் கேக்கறேன். கடை எங்கன்னு மட்டும் சொல்லுங்க!”

லிம்மின் முகம் சிவந்தது. மகனைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். வெய் ஜியான் கூடாது என்று தலையை ஆட்டினான். லிம் மறுபடியும் வாசலைக் காட்டி, காற்றை வெட்டி, அந்தக் கூரான உயரத்தை முன்னைவிட வேகமாக வரைந்தார்.

“ஐயோ, அப்பாவ விடுடா!” லிம்மின் மனைவி மகன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு ராமையாவிடம் திரும்பினார். “எங்க கடை அந்த உயரமான மினார் வச்ச கம்போங் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துல இருக்கு. அந்த ஒரு வார்த்த மட்டும் உங்க வீட்டுல வாயில வரக் கூடாதுன்னு காலையிலேர்ந்து பாடம் நடத்தி வச்சிருக்கான், அதச் சொல்லாம இந்த மனுஷனுக்கு வழி சொல்லத் தெரியல!”