பீலில் கழலாத வலது பூட்ஸ்

ஓல்டன்,
ஜனவரி 20

பாசமுள்ள தங்கை பிரசாந்தினிக்கு,

அண்ணன் குலேந்திரன் எழுதிக்கொள்வது. ஓஸ்டர்முண்டிகன் குளிரில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இன்றி இருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கே எல்லோரும் நலம். என் வலது கணுக்கால் மட்டும் கொஞ்சம் நலக்குறைவு. தொலைபேசியில் நீ என்னைப் பேச விடமாட்டாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

பிறந்தநாளுக்கு நீ வாங்கித் தந்த பூட்ஸ் போலவே இன்னொரு சோடி பாதி விலையில் இருக்கிறது, வாங்கட்டோ என்று கேட்டிருந்தாய். இருபத்தாறு வருடமாகக் களஞ்சிய வேலையில் இரும்பு மூக்குச் சப்பாத்துக்குள் கிடந்த இந்தக் கால்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. உன் பூட்ஸைப் போட்ட முதல் நாளே ரயில் நிலையத்தில் ஓர் இத்தாலிக்காரர் எங்கே வாங்கியது என்று கேட்டார். அன்றைக்கு நான் காரணமில்லாமல் நிலையத்தை இரண்டு தரம் சுற்றி நடந்தேன்.

அந்தப் பெருமையோடுதான் போன ஞாயிறு பீல் நகரத்துக்குப் போனேன். நம் பிள்ளை லக்சாயினியும் பீல் பெடியன் நிருசனும் நான்கு வருடமாக விரும்புவது உனக்குத் தெரியும். பெடியனின் தகப்பன் லக்ஷ்மணன் அண்ணை ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் குனிந்திருந்தவர். முன்பு இரண்டு முறை போனபோதும் செற்றிச் சோபாவில் இருந்தபடி சுவரைப் பார்த்ததோடு சரி. "அப்பா, இந்த முறையும் அவர் கதைக்காட்டி நான் நிருசனிட்டப் போதும் எண்டு சொல்லிப்போடுவன்" என்று பிள்ளை ரயிலிலேயே கண் கலங்கினாள்.

வாசலில் இடது பூட்ஸ் கழன்றது. வலதில் இழுத்துத் திறக்கும் சிப் பல்லுக்குள் இறுகிக்கொண்டது. நான் இழுக்கிறேன், வரவில்லை. உன் அண்ணி இழுக்கிறாள், வரவில்லை. நிருசன் இழுத்த இழுப்பில் நானே இரண்டு படி இறங்கிவிட்டேன். "பரவாயில்லை, சப்பாத்தோட வாங்கோ" என்றார் நிருசனின் தாய். நேரெதிரே சுவாமித் தட்டில் விளக்கு எரிகிறது, எப்படிப் போவேன்? மாடிப்படியிலேயே இருந்துவிட்டேன். தேத்தண்ணியும் வடையும் அங்கேயே வந்தன. மேல்வீட்டு சுவிஸ் அம்மா இறங்கும்போது பிரெஞ்சில் பொன்ஜூர் என்றார், ஏறும்போது ஜெர்மனில் சுகம் கேட்டார். இரண்டுக்கும் வாயில் வடையோடு தலையாட்டினேன்.

அப்போதுதான் லக்ஷ்மணன் அண்ணை எழும்பி வந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் மணிக்கூட்டுச் சில்லு பிடிக்கும் சின்னச் சாமணம். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் கால் மாப்பிள்ளையின் தகப்பன் மடியில்! வெட்கத்தில் எனக்கு உயிர் போகிறது. சிப்பைப் பல்லுப் பல்லாக நிமிர்த்திக்கொண்டே மனுஷன் கதைக்கத் தொடங்கினார் பார், முக்கால் மணித்தியாலம் நிறுத்தவில்லை. "எனக்குக் கை சும்மா இருந்தா வாய் வராது, குலேந்திரன்" என்றார். கடைசியில், "நாங்கள் காய்ச்சலில கிடந்த கிழமை உங்கட பிள்ளை ஒவ்வொரு நாளும் ஓல்டனில இருந்து சோறு கொண்டு வந்தவள். அண்டைக்கே மனசுக்குள்ள ஓம் எண்டுட்டன், சொல்லத்தான் தெரியேல்லை. நாள் பாப்பம்" என்றார். பூட்ஸும் கழன்றது. லக்சாயினி அழுதது மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும். நானும் அழுதேன், கால் விறைத்துவிட்டது என்று சமாளித்தேன்.

தங்கச்சி, உன் பூட்ஸ் இல்லையென்றால் இந்தக் கலியாணம் இல்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஆனால் இன்னொரு சோடி வேண்டாம். அண்ணை எண்ணெய் போட்டுத் திருத்தித் தந்தது இன்னும் பத்து வருடம் வரும். வீண் செலவு செய்யாதே, இது என் முடிவான முடிவு.

மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். குறைவில்லாமல் இரு.

உன் அண்ணன்,
குலேந்திரன்

பி.கு.: கடிதத்தை மடித்தபின்தான் யோசித்தேன். நாள் குறிக்க வருகிற ஞாயிறு மறுபடி பீலுக்குப் போகவேண்டும். திருத்திய சிப் இப்போது விரல் பட்டாலே கழல்கிறது. என்னை நேரே செற்றியில் கொண்டுபோய் இருத்துவார்கள், மனுஷன் சுவரைப் பார்ப்பார். ஆகையால் அந்த இன்னொரு சோடியை உடனே வாங்கு. அரை அளவு சின்னதாக இருக்கட்டும். கடைக்காரப் பிள்ளை சிப் இறுகுது, வேறு தாறன் என்றால் விட்டுவிடாதே; அதையே கட்டித் தரச் சொல்லு.