ஓடுகிற வீட்டுக்கு ஓர் உத்தரவாதம்

முசஃபா, அபுதாபி
டிசம்பர் 2005

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் செய்கு அலாவுதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹபீபுன்னிசாவின் கணவன் கௌஸ் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம், என் முழங்காலும் பரவாயில்லை, வண்டிக்கு மட்டும் சற்று உடம்பு சரியில்லை. அந்த விவரம் கீழே வருகிறது. தங்கள் சர்க்கரையும் கோபமும் கட்டுக்குள் இருக்கத் தினமும் துஆ செய்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போன வாரம் நாம் பேசிக்கொண்டிருக்கையில் நான் போனை வைக்கவில்லை. "என் தங்கச்சிய நடுப் பாலைவனத்துல நிறுத்திட்டு, நீங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க மாட்டீங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு அடுத்து ஏதோ சொல்ல வந்தீர்கள். அதற்குள் என் போன் கார்டு தீர்ந்துவிட்டது. புது கார்டு வாங்கியும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கையில் பதில் இல்லாமல் உங்களிடம் எப்படிப் பேசுவது? கல்யாணமானதிலிருந்து நம் ஊர் வழக்கப்படி உங்கள் வீட்டிலேயே இருப்பவள் அவள். அவள் காக்கா நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவாள். அதனால் உத்தரவாதத்தைத் தேடி ஒரு வாரமாக அலைந்தேன். கீழக்கரைக்கு லீவில் போகும் ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி வந்த கதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ருவைஸ் ரிஃபைனரியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஃபேன் பெல்ட் வாங்க வருவார். ஊருக்கே திரும்பப் போகிறேன், இதை எங்கே விடுவது என்று தெரியவில்லை என்று வாசலில் நிறுத்திக் காட்டினார். மோட்டார் ஹோம் என்று அதற்குப் பெயர். முன்னால் ஸ்டியரிங், பின்னால் வீடு. இரண்டு அடுப்பு, ஒரு கட்டில், மடக்கு மேசை, உங்கள் வீட்டு பீரோவைவிடச் சின்னதாக ஒரு குளியலறை. நம்ம ஆட்கள் யார் பார்த்தாலும் "எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?" என்று கேட்கிறார்கள். எனக்கு அந்த மேசையைப் பார்த்ததும் மனசு போய்விட்டது மச்சான். இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. என் ரூமில் நாங்கள் ஆறு பேர், அடுக்குக் கட்டில், என் தலைக்கு மேலே முதுகுளத்தூர் பாலகுரு புரண்டு படுத்தால் எனக்குத் தூக்கம் கலையும். அந்த ரூமுக்கு எப்படி அவளை அழைத்து வருவது, என் சம்பளத்துக்குக் குடும்ப விசாவும் கிடைக்காது. அவள் பார்த்த அபுதாபி எல்லாம் நான் கொண்டுவந்த டாங் டப்பாவும் கோடாலித் தைலமும்தான். விசிட் விசாவில் வந்தால் இந்த வண்டியில் தங்கலாம், ஏழு எமிரேட்டையும் சுற்றிப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன். கடையின் பின்னால் நிறுத்திக்கொள்ள கடை முதலாளி கஃபீலும் சம்மதித்துவிட்டார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பதில் இருக்கிறது. வண்டி வழியில் நின்றால் ஆள் அனுப்பி எடுத்துப்போவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, முன்கூட்டியே ஒரு பிளான் எடுத்துவிட்டால் போதும். முதல் கம்பெனியில் இருந்த மலையாளி மிக மரியாதையாக, இது வண்டியா வீடா என்று கேட்டார். வண்டி என்றால் அடுப்பு எதற்கு, வீடு என்றால் சக்கரம் எதற்கு என்பது அவர் சந்தேகம். இரண்டும்தான் என்றேன். அவருடைய கம்ப்யூட்டரில் கார் உண்டு, ஜீப் உண்டு, லாரி உண்டு, இரண்டும்தான் என்பது இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். இறங்கி வந்ததும், இது வீடுதான், வீட்டை இழுக்க எங்களிடம் ரெக்கவரி வண்டி இல்லை என்றுவிட்டார். செருப்பைக் கழற்றியபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது கம்பெனியில் சில்வர், கோல்டு என்று இரண்டு பிளான். சில்வரில் டயர் மாற்றுவார்கள், பேட்டரிக்கு உயிர் கொடுப்பார்கள், பக்கத்து கராஜ் வரை இழுத்துப்போவார்கள். கோல்டில் இதெல்லாம் போக, வண்டி ரிப்பேராகும் வரை ஹோட்டலில் ரூமும் கொடுப்பார்களாம். ரூமில் வந்து சொன்னதும் ஆறு பேருக்கும் ஏழு அபிப்பிராயம். வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பாலகுரு, "பாய், அப்ப வண்டி நிக்கிறதுதானே நமக்கு லாபம்?" என்றான். இன்னொருவர், கட்டிலும் அடுப்பும் கூடவே வரும்போது ஹோட்டல் எதற்கு என்றார். இதைப் பேசிப் பேசிச் சோறு குழைந்துபோனது. நான் கம்பெனிக்குத் திரும்பப் போய் நுணுக்கி நுணுக்கிக் கேட்டேன். தார் ரோட்டில் நின்றால்தான் வருவார்களாம். ஒரு டயர் மணலில் இறங்கினாலும் மாஃபி, பொறுப்பில்லை என்கிறார்கள். மச்சான், இந்த நாட்டில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஊரில் ஒரு சம்பந்தம் வந்தால் நாலு தெருவில் விசாரிக்காமல் விடுவோமா? அதேபோல இதையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சில்வரை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பாலகுருவை ஏற்றிக்கொண்டு ருவைஸ் ரோட்டில் போய், ஓரமாக, தார் மீதே நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். வண்டியில் ஒரு குறையும் கிடையாது. ஆள் எவ்வளவு சீக்கிரம் வருகிறான், என்ன முகத்தோடு வருகிறான் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

இந்த ரோட்டில் பானெட்டைத் தூக்கி நிற்கிற வண்டியை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. முதலில் ஒரு தண்ணீர் டேங்கர் நின்றது. ஓட்டிவந்த பட்டான் இறங்கி, க்யா ஹுவா பாய், என்ன ஆச்சு என்று கேட்டபடி என் பதிலுக்குக் காத்திராமல் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சுரண்ட ஆரம்பித்தார். சும்மா நிற்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்து ஒரு மலையாளிக் குடும்பம் நிறுத்தி, பாவம் வெயிலில் நிற்கிறார்களே என்று பிரியாணிப் பொட்டலம் கொடுத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கையிலேயே யாரோ ஒரு பஞ்சாபி டிரைவர் உள்ளே கையை விட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அந்தச் சமயத்தில் லேண்ட் குரூஸரில் ஓர் அரபி வந்தார். கயிற்றை எடுத்தார், என் பம்பரில் கட்டினார், "யல்லா", கிளம்பு என்றார். நான் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பம்பர் அவரோடு போனது. வீடு மெல்லச் சரிந்து மணலில் இறங்கியது.

அப்போதுதான் கம்பெனி ரெக்கவரி வந்து சேர்ந்தது. ஓட்டிவந்தவர் பெஷாவர் பக்கத்துப் பெரியவர். டயரைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், கம்பெனி இதற்கு வராது என்று வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டுத் தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்தார். பேண்டை மடக்கிக்கொண்டு இறங்கி, வெறுங்கையால் டயருக்கு அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். "கம்பெனி நஹீ ஆயேகா. மைன் தோ ஆ கயா" என்றார். கம்பெனி வராது, நான் வந்துவிட்டேனே என்று அர்த்தம். பட்டான் தள்ள, பஞ்சாபி தள்ள, பாலகுரு தள்ள, அரபி பம்பரோடு திரும்பி வந்து வெள்ளைக் கந்தூரா அங்கியோடு தோளைக் கொடுக்க, வீடு மேலேறியது. சோதனைக்காகத்தான் நிறுத்தினேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். இருந்த குவளைகளிலும் ஜாடி மூடியிலும் எல்லாருக்கும் டீ கொடுத்தேன். என் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள் அவர்கள்தான். அரபி அந்த மடக்கு மேசையைத் தட்டிப் பார்த்து, இங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன், அவர் வேறு பக்கம் திரும்பி டீயைக் குடித்தார்.

ஆகவே மச்சான், ஒன்றுக்கு இரண்டாக உத்தரவாதம் தருகிறேன். இன்று காலை கோல்டு பிளானும் எடுத்துவிட்டேன். அது தார் ரோட்டுக்கு. மணலுக்கு நான் மேலே எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தங்கை எங்கேயும் தனியாக நிற்க மாட்டாள். நானும் அவளும் கல்யாணமானதிலிருந்து சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, எல்லாம் லீவு நாட்கள். விசா முடியும்வரையாவது அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து காலைப் பசியாற ஆசைப்படுகிறேன். அனுப்பிவையுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், சிறியவர்களுக்கு என் துஆ. தங்கள் மாத்திரை வேளை தவறாமல் போகட்டும். அல்லாஹ் நம் எல்லாரையும் நல்லபடி சந்திக்க வைப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு
தங்கள் மச்சான்
கௌஸ் முகம்மது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மனசு கேட்காமல் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். நீங்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தீர்கள், அவள்தான் எடுத்தாள். கோல்டு, சில்வர், பம்பர் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "காக்கா அன்னைக்கே, சரி, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள உங்க கார்டு தீந்துபோச்சு. பொட்டியக்கூட இறக்கி வச்சிட்டேன்" என்றாள். அப்புறம், "அந்த வண்டி ஓடலேன்னா, சும்மா நிக்கிமா?" என்று கேட்டாள். நன்றாக நிற்கும் என்றேன். "அப்ப நிக்கட்டும். நீங்க ஓடுனது போதும். நான் ஊர் சுத்திப் பாக்கவா வாறேன்?" என்றாள்.

ஆதலால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நாளைக்குக் காலையில் கோல்டு பிளானைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பாலகுரு இப்போதே சக்கரங்களைக் கழற்றிவிட்டு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுதுங்கள். நான் கேட்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.