வேலை நேரம் முடியும் வரை

“முதல்ல அந்த இஸ்திரி போட்ட சட்டையைக் கழட்டுங்க. இவ்வளவு பளிச்சுன்னு இருந்தா வேலை போன ஆள்னு எவன் நம்புவான்?”

“வேலை போனது நிஜந்தானே!”

“நிஜமா இருந்தா மட்டும் போதுமா? பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?” என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய பனியனோடு சோபாவில் சாய்ந்தார். புதுக் கட்டடம் கட்டுவார் இல்லாமல், அவர் வேலை பார்த்த லிஃப்ட் பொருத்தும் கம்பெனி படுத்துவிட்டது. கூடவே அவரும் படுத்துவிட்டார்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? மந்த நிலையை விரட்ட இரண்டு திட்டங்களை அறிவித்தது. வேலை போனவருக்கு நிவாரணம், வீடு வாங்குபவருக்கு மானியம். முன்னதற்கு வேலை இருக்கவே கூடாது. பின்னதற்கு வேலை இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கொடுத்த கையோடு வேலையையும் பறிகொடுத்த ஒரு ஜீவன் நாட்டில் இருக்கக்கூடும் என்று திட்டம் போட்ட மகான்களுக்குத் தோன்றவில்லை.

நிவாரணம் வராவிட்டால் அடுப்பு எரியாது. மானியம் வராவிட்டால் முன்பணம் அம்போ. இருக்கிற வாடகை வீட்டையோ மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். மனைவி துணிந்து இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டாள். வேலைக்கு அவள் தம்பி வழி செய்தான். தன் சலவைக் கடைக்கு அக்கா கணவரைக் காகிதத்தில் பொது மேலாளர் ஆக்கினான். கடையில் இருப்பது ஒரே மெஷின், அதுவும் ரிப்பேர்.

இன்று காலையில் நிவாரணத்துக்கும் மதியம் மானியத்துக்கும் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார்கள் என்று செல்போனில் செய்தி வந்திருந்தது. வேலை இல்லாதவர் வேலை நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். வேலையில் இருப்பவர் இருக்கக் கூடாது. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது.

காலையில் பழுப்புப் பையோடு ஓர் அதிகாரி வந்தார். சோபாவையும் பனியனையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார். இரண்டு முறை டீ குடித்தார். பேப்பரில் ராசிபலன்வரை படித்தார்.

“வேலை போனதை வீட்ல எப்படிச் சொன்னீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“நான் எங்க சார் சொன்னேன்? மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா.”

அதிகாரி பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். மனுஷனுக்கு என்ன இளகிய மனசு என்று லிஃப்ட்காரர் நெகிழ்ந்தே போனார்.

சாப்பாடு முடிந்ததும் அடுத்த வேஷம். வாழ்நாளெல்லாம் ஊராரை மேலே ஏற்றிவிட்ட மனிதர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கினார். காலிங்பெல் அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். அதே பழுப்புப் பை, அதே அதிகாரி.

“ஆட்குறைப்பும்மா. ரெண்டு திட்டத்துக்கும் நான் ஒருத்தன்தான். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரா?”

“போயிருக்காரு சார்!”

“அப்ப காலையில சோபாவுல இருந்தவரு?”

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அது... அவரோட அண்ணன் சார். அவருக்குத்தான் வேலை இல்லை.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பேரு போட்டிருக்கே?”

“ரெண்டும் தாத்தா பேருதான். தாத்தா மேல அவ்வளவு பாசம்.”

“நல்லது. தம்பியையும் ஒரு தடவை பார்த்துட்டே போறேன். வேலை முடிஞ்சு வரட்டும்” என்று அதிகாரி சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

மனைவி சமையலறைக்குள் ஓடித் தன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“மாமா இன்னைக்கு லேட்டாத்தான் சார் வருவாரு. கடையில தலைக்கு மேல வேலை.”

“அவங்க அண்ணனுக்கும் உங்க கடையிலயே ஒரு வேலை போட்டுக் கொடுக்கக் கூடாதா?”

“ஏது அண்ணன்? மாமா வீட்டுக்கு ஒரே பிள்ளையாச்சே!”

அக்கா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

“ஆங்... அந்த அண்ணனா!” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

பரணிலிருந்து ஒரு தும்மல் வெடித்தது.

“எலி சார்” என்றாள் மனைவி.

“பாவம், அதுக்கு ஜலதோஷம் போல” என்றார் அதிகாரி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி டீ கேட்டார். பரணில் லிஃப்ட்காரருக்குக் கால் மரத்து, இடுப்பும் மரத்து, கடைசியில் வீடு வாங்கும் ஆசையே மரத்துப்போனது.

மணி ஐந்து அடித்ததுதான் தாமதம். தம்பியாவது, அண்ணனாவது! அதிகாரி எழுந்தார், மானியத்துக்கும் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார்.

“உங்க சோபா ரொம்ப சௌகரியம்மா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

லிஃப்ட்காரர் ஒட்டடையும் தூசியுமாகக் கீழே குதித்தார். “வீடு நம்மதுடி!” என்றார். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மைத்துனன் மிதிபட்ட காலோடு நொண்டி நொண்டி ஆடினான்.

மறுபடி காலிங்பெல். வாசலில், கழுத்தில் அடையாள அட்டையும் கை நிறையக் கோப்புகளுமாக ஓர் இளம்பெண் மூச்சு வாங்க நின்றாள்.

“லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. நிவாரணம், மானியம் ரெண்டுக்கும் சரிபார்க்கணும்.”

“இப்பதானேம்மா உங்க ஆபீசர் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு?” என்றார் லிஃப்ட்காரர்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பழுப்புப் பையோட அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாரா? அவருக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு சார். ஆபீஸ் வாசல்ல ஒட்டற லிஸ்ட்டைப் பார்த்துட்டு தினமும் எனக்கு முன்னாடியே கிளம்பிடறாரு, வீட்ல இன்னும் சொல்லலையாம்!”