தமிழ் ச்சுவும் இங்கிலீஷ் ச்சுவும்

இங்கிலீஷ் இலக்கணத்தில் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இன்டர்ஜெக்ஷன் என்கிற உணர்ச்சிச்சொல்தான். ஆயுசு முழுக்க அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாயாலேயே சொல்கிறேன். பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் வாக்கியத்துக்குள் ஏதோ ஒரு வேலை பார்த்துச் சாப்பிடுகின்றன. இது மட்டும் வாசலில் நின்று ஒரு கத்துக் கத்தி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியை நட்டுவிட்டுப் போய்விடும். போய்த் தொலையட்டும். என் பிழைப்பிலேயே மண்ணைப் போடப் பார்த்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. தலவாக்கலையில் படிப்பை முடித்து, அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். (தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலேயே அவ்வளவு படித்த முதல் பெண் நான். இதை நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு யாரும் சொல்லவில்லை.) தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்து, மற்றப் பெண்களோடு கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டியதுதான். அம்மாவுக்கு என் மேல் அபார நம்பிக்கை. கொழுந்துக்கூடையும் கயிறும் புதிதாக வாங்கி வைத்துவிட்டார்.

நேர்முகம், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில். என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கே சமையல்காரர். பள்ளிக்கூட விஷயத்தில் துரையின் மனைவி துரைசாணி வைத்ததுதான் சட்டம் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். அதோடு நின்றிருக்கலாம். ஆலோசனையும் சொன்னார்.

"சும்மா எஸ் சார், நோ சார்னு மரம் மாதிரி நிக்காத புள்ள. அவுங்க ஒன்னு சொன்னா நம்ம மூஞ்சியில ஏதாச்சும் தெரியணும். போன வாரந்தான் அவுங்க நாய்க்குட்டியைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. அதைப் பத்திப் பேசாம இருக்க மாட்டாங்க."

துரைசாணியின் மனசு பூ மாதிரி என்றும் சொன்னார். காலையில் இவர் ரொட்டியைக் கருக்கிவிட்டால்கூட ஒரு வார்த்தை ஏசமாட்டாராம். தட்டைப் பார்த்துவிட்டு, இவர் முகத்தையும் பார்த்து, 'ச்சு ச்சு ச்சு' என்று பரிதாபப்படுவாராம். நம்ம சனங்ககூட நம்ம மேல அவ்வளவு இரக்கப்படாது என்று மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

உடனே இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தேன். சந்தோஷத்துக்கு ஹுர்ரா, பாராட்டுக்கு பிராவோ, துக்கத்துக்கு அலாஸ். நாய் செத்தது துக்கம், ஆகவே அலாஸ். கணக்குப் போல சுத்தமாக இருந்தது. நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். தண்ணீர் கொட்டினால் அலாஸ். அடுப்பு அணைந்தால் அலாஸ். சாயங்காலம் அம்மா என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"யாருடி அந்த அலாஸு? எந்தத் தோட்டத்துப் பய?"

அது ஆளில்லை, இலக்கணம் என்று புரியவைக்க எனக்கு அரை ராத்திரி ஆனது. கடைசிவரை அவர் முழுசாக நம்பவில்லை.

மறுநாள் மழையில் நனைந்து பங்களா வராந்தாவில் போய் நின்றேன். துரை கேட்ட கணக்குக்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரைசாணியின் பார்வை வராந்தா மூலையில் கிடந்த ஒரு வெறும் பிரம்புக்கூடைக்குப் போனது. நாய் படுத்த கூடை. மாமா சொன்னபடியே ஆரம்பித்தார். பெயர் ஜிம்மி. இவ்வளவு உயரம்தான். ராத்திரியில் கதவைச் சொறிந்ததாம். இவர்தான் திறந்து வெளியே விட்டாராம்.

அலாஸ் என் முன்பல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்து எனக்கு உண்மையிலேயே பரிதாபம் வந்து தொலைத்தது. அந்தச் சின்ன நாயை நினைத்தேன். நாக்கு அதுவாகப் போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ச்சு ச்சு ச்சு."

துரைசாணி நிறுத்தினார். முகம் லேசாகச் சிவந்தது. மழை பெய்ததால் உடனே போய்த் தேடவில்லை என்றார், குரல் இறங்கிப்போய். ஐயோ பாவம், எவ்வளவு வேதனை. நான் தலையையும் ஆட்டி, இன்னும் கொஞ்சம் பலமாக, "ச்சு ச்சு ச்சு" என்றேன். அவர் கண்ணில் நீர் கட்டியது. என் ஆறுதல் வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அதை வெளியே விட்டிருக்கவே கூடாது என்று நினைக்கிறாயா என்று கேட்டார். இதில் நினைக்க என்ன இருக்கிறது? விடாமல் இருந்தால் நாய் இருந்திருக்குமே. படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அலாஸ், எஸ் மேடம்."

துரைசாணி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. துரை பைப்பைக் கடித்தபடி எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே கூடைக்கயிறு நெற்றியில் அழுந்துவதுபோல் இருந்தது. என்ன பிழை விட்டேன் என்றுகூடத் தெரியாமல் நிற்பதைப்போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். எல்லோரும் உங்கள் மேல் தவறில்லை என்று தன்னிடம் பொய் சொன்னார்களாம். நான் ஒருத்திதான் முகத்துக்கு நேரே தன்னைக் கண்டித்தேனாம். பிள்ளைகளை அடக்கி வளர்க்க இப்படி ஓர் ஆள்தான் வேண்டுமாம். திங்கட்கிழமை வந்து பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கண்டித்தேனா? நானா? மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். துரை என்னைப் படிக்கட்டு வரை நடத்திக்கொண்டு போய், தோட்டத்தில் பழகிய தன் தமிழில் சொன்னார்.

"எங்க ஊர்ல நாக்கு அப்படித் தட்டினா ஏசுறது. பாவம்னு சொல்றது இல்ல. உனக்கு வேலை வேணும்னா வாய மூடிட்டுப் போ."

மூடிக்கொண்டேன். வேலை கிடைத்தது சந்தோஷமா, கிடைத்த விதம் அவமானமா என்று எனக்கே விளங்கவில்லை. பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். குசினி வாசலில் மாமா சூடான தேத்தண்ணியோடு காத்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றதும் தன் ஆலோசனைதான் காரணம் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. துரை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஒப்பித்தேன்.

மாமாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அடுப்பைப் பார்த்தார். ரொட்டி வாட்டும் கம்பியைப் பார்த்தார்.

"அப்ப, ரொட்டி கருகினப்பல்லாம்?"

நான் தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"இத்தனை வருஷமா நான் அதுக்கு 'தேங்க் யூ மேடம்'னு சொல்லிக்கிட்டு வந்தேனே புள்ள."

மறுநாளிலிருந்து பங்களாவில் ரொட்டி கருகவே இல்லையாம். துரைசாணிக்கு அதன் காரணம் கடைசிவரை தெரியாது. என் கதி வேறு. கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை ஒரு நாள்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் முறைத்துக்கொண்டே காலம் தள்ளினேன். பிள்ளை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால்கூட நாக்கைக் கடித்துக்கொண்டுதான் மருந்து போட்டிருக்கிறேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? துக்க வீட்டுக்குப் போய் நான் 'ச்சு' என்றால் போதும், என் மகள் காதோரம் குனிந்து, "அம்மா, இது தமிழா இங்கிலீஷா?" என்று கேட்பாள். செத்தவர் வீட்டில் சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா எலும்பு போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குச் சமையல் வராது. நேற்றும் எனக்குக் காய்ச்சல் என்று அவரே ரொட்டி சுட்டு, ஒரு பக்கம் கரியாகக் கொண்டுவந்து நீட்டினார். பாவம், இந்த வயதில் அடுப்படியில் நின்றிருக்கிறாரே என்று என்னையறியாமல் நாக்குத் தட்டிவிட்டேன்.

மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.

"தேங்க் யூ மேடம்."