பிஸ்டனைச் சுற்றித் தெரிந்த ஜோதி

அந்த வருஷம் சாரல் தொடங்குவதற்கு முன்பே ஐந்தருவி ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. குளிக்க வந்த லாரிகள் அல்ல, ஆசி வாங்க வந்தவை. வடகரையிலிருந்து தேங்காய் லாரி, வாசுதேவநல்லூரிலிருந்து வைக்கோல் லாரி, இலத்தூரிலிருந்து செங்கல் லாரி. எல்லாம் மிகுந்த பக்தியோடு புகை கக்கிக்கொண்டிருந்தன. வரிசையின் தலைமாட்டில், தென்னந்தோப்புக் கொட்டகையில், மான்தோல்மேல் ரிங் சாமி எழுந்தருளியிருந்தார்.

மற்றச் சாமியார்கள் பிள்ளை வரம் கொடுப்பார்கள், பேய் ஓட்டுவார்கள். இவர் பிஸ்டன் ரிங் கொடுத்தார். பிஸ்டனின் இடுப்பில் மாட்டும் இரும்பு வளையம் அது. சிலிண்டர் சுவரோடு ஒட்டி நின்று, உள்ளே வெடிக்கிற வாயு நழுவிவிடாமல் தடுப்பது அதன் வேலை. தேய்ந்துபோனால் லாரிக்கு மூச்சு வாங்கும். ஆரியங்காவு ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் டிரைவருக்கு மூச்சு நின்றுவிடும்.

கம்பெனி ரிங்குக்கு மெட்ராசுக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடந்த காலம். சாமியிடம் காத்திருக்க வேண்டாம். பழைய ரிங்கைக் கழற்றி, காணிக்கையோடு கொடுத்தால் போதும். அதை அவர் அருவிக்கு மேலே இருக்கும் ஆழமான கசத்தில் எறிந்து தோஷம் கழிப்பார். பதிலுக்கு, அருவித் தண்ணீரில் ஒரு மண்டலம் ஊறிய புது ரிங் தருவார். தண்ணீரில் ஊறிய இரும்பு செக்கச்செவேல் என்று இருக்கும். அதைத் துரு என்று சொன்னால் அபசாரம். இரும்புக்குக் குங்குமம் பூத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். ஊரில் வேறெந்தக் காரியத்திலும் இத்தனை ஒற்றுமையைக் கண்டதில்லை.

இந்தக் கூத்தைக் கிழித்துத் தொங்கவிட வேண்டியவன் நியாயமாகப் பார்த்தால் குற்றாலிங்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். முடித்தவன் என்று சொல்ல முடியாது, ஒரு பிராக்டிகல் பாக்கி. விடுதியில் அவன் கடுமையான பகுத்தறிவாளன். அந்தப் பகுத்தறிவு தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தது. ரயில் நிற்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் வெளியே வந்துவிடும்.

சாமியை மடக்குவதற்கென்றே அவன் ஒருநாள் கொட்டகைக்குப் போனான். எலுமிச்சம்பழம், மயில்தோகை, உடுக்கை எதையாவது காட்டியிருந்தால் மடக்கியும் இருப்பான். சாமி அவன் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார். "தம்பி காலேஜா? அப்போ உங்களுக்குப் புரியும். இது மாலிக்யூலர் வைப்ரேஷன்" என்றார்.

உங்களுக்குப் புரியும் என்று ஒருவர் சொன்ன பிறகு புரியவில்லை என்று சொல்ல எந்தப் பட்டதாரிக்கு மனம் வரும்? பட்டம் வாங்காதவனுக்கு அறவே வராது. குற்றாலிங்கம் தலையாட்டினான்.

பிறகு ஜோதி தரிசனம். குங்குமம் பூத்த ரிங்கைப் பிஸ்டனில் மாட்டி, பிஸ்டனை ஒரு சிலிண்டர் குழாய்க்குள் சாமி செருகினார். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையாக எல்லாரும் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். பிஸ்டனின் ஓரத்தில், இருட்டுக்கு நடுவே, பிறைச் சந்திரன்போல ஒரு வெளிச்சக் கீற்று. பாவம் செய்தவன் கண்ணுக்குத் தெரியாதாம். ஆகவே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தெரிந்தது.

"இது நியூட்டன் வளையம்" என்று குற்றாலிங்கம் கூட்டத்துக்கு விளக்கினான். லென்சுக்கடியில் ஒளி வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டிய சோதனை; அவன் கோட்டைவிட்ட பிராக்டிகல் அதுதான். பரீட்சை அறையில் எவ்வளவு தேடியும் கண்ணில் படாத நியூட்டன் வளையம் ஐந்தருவி ரோட்டில் பட்டதும், அவன் மறுபடி வரிசையில் நின்று இன்னொரு தடவை பார்த்தான்.

அன்றைக்கே அத்தானிடம் ஓடினான். அத்தான் ஞானசம்பந்தம் சொந்த லாரியில் தானே டிரைவர். "சயின்டிஃபிக் சாமி அத்தான்" என்றான். காலேஜில் படித்த மச்சினன் சொன்னால் அத்தான் மறு பேச்சுப் பேச மாட்டார். பழைய ரிங்குகள் கசத்துக்குப் போயின. குங்குமம் என்ஜினுக்குள் போனது.

அக்கா பேராச்சிக்கு மட்டும் பழைய ரிங்குகள் போனதில் மனம் ஆறவில்லை. அவள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. பேர் வெட்டுகிறவர் தெருவுக்கு வந்தால் கரண்டி, மூடி, எண்ணெய்க்கிண்ணம் எதுவும் தப்பாது. போன தடவை என்ஜின் பிரித்திருந்த சமயத்தில் அவர் வந்து தொலைத்ததால், புதுக் கம்பெனி ரிங்குகளிலும் மெல்லிசாக 'பே. ஞா.' என்று கீறி வாங்கிவிட்டாள். "இதை யாருக்கா தூக்கிட்டுப் போகப் போறா?" என்று அன்று குற்றாலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

சாமி ரிங்கோடு அத்தான் முதல் நடை மலையேறிவிட்டு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வளைவுல வண்டி அப்படியே நின்னுட்டு மாப்ளே. இழுவையே இல்ல. பின்னால உருளுது. கிளீனர் குதிச்சுக் கல்லப் போடலன்னா நான் ஓடையில கெடந்திருப்பேன்."

"ரிங் இன்னும் பிடிக்கல அத்தான். கொஞ்சம் ஓடணும்" என்றான் குற்றாலிங்கம்.

"சாமிகிட்டயும் போய்க் கேட்டேன். வண்டியில யாருக்கும் சந்தேகம் இருந்துச்சாங்காரு. இந்தக் கிளீனர்ப் பய, 'இழுக்குமா அண்ணாச்சி'ன்னு ஏத்தத்துக்கு முன்னால கேட்டான். அதான் தோஷமாம். நாளைக்கு அவன இறக்கி விட்டுட்டு நீ மட்டும் போங்காரு."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். "கல்லுப் போட்டவன இறக்கி விட்டுட்டா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, அந்த ஜோதிய நான் பாக்கணும். இப்பமே."

கொட்டகையில் அப்போது வடகரை ஒலி முகம்மதுக்கு ரிங் வழங்கும் வைபவம் நடந்துகொண்டிருந்தது. தேங்காய் லாரிக்காரர். பயபக்தியோடு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். சாரல் இடைவெளியில் வெயில் எட்டிப் பார்த்தது. சாமி சிலிண்டரைத் தூக்கினார். அக்கா முண்டியடித்து முன்னால் போய், சந்தையில் பானை வாங்கும்போது பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணைச் சாய்த்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"தெரிகிறதா தாயே?"

"நல்லாவே தெரியுது சாமி. ஏலே குத்தாலம், நீயும் பாரு. ஓரத்துல வெளிச்சம் வருதுலா?"

"அது நியூட்டன் வளையம்க்கா. அதாவது ஒளி வந்து..."

"பானைக்குள்ள இப்படித் தெரிஞ்சா என்ன சொல்லுவ?"

"ஓட்டைன்னு..." என்று இழுத்தான் குற்றாலிங்கம். நியூட்டன் அவனைக் கைவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"சாமி, ஒங்க தீர்த்தச் செம்பக் கொஞ்சம் குடுங்க" என்றாள் அக்கா.

புது பக்தை ஒருத்தி சிக்கினாள் என்று சாமி தாமே எடுத்துக் கொடுத்தார். அக்கா சிலிண்டரை வாங்கி, சாமியின் மடிக்கு மேலாக நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி ஒலி முகம்மதுவிடம் கொடுத்தாள். பிஸ்டனுக்கு மேலே தீர்த்தத்தை ஊற்றினாள். மேலே ஊற்றியது ஒரு நொடியும் தங்காமல், கீழே சாமியின் மடியை நனைத்து மான்தோலில் ஓடியது.

"நல்ல ரிங்குன்னா சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். தண்ணியே நிக்க மாட்டேங்குது, வெடிக்கிற புகை நிக்குமா? வெளிச்சம் போற வழியில வண்டியோட உசுரும் போகாதா?"

கூட்டம் முணுமுணுத்தது. சாமி அசரவில்லை. "தீர்த்தம் சூட்சுமமானது தாயே. இரும்பையும் ஊடுருவிச் செல்லும்."

"செம்ப ஊடுருவலயே. காலையில இருந்து அதுக்குள்ளதான கெடந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்திக்குச் சிரிப்பைப்போலப் பகை வேறு கிடையாது. அக்கா அதற்குள் பிஸ்டனை உருவி, ரிங்கை விரித்துக் கழற்றி, முந்தானையால் குங்குமத்தைத் தேய்த்தாள். குங்குமத்துக்கு அடியிலிருந்து எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

"அது பீஜாட்சரம், மந்திர எழுத்து. தொடாதே" என்றார் சாமி.

"இது எம் பேரு" என்றாள் அக்கா. "பேராச்சி, ஞானசம்பந்தம். எங்க வண்டியில தேஞ்சு கழட்டுன ரிங்கு. கசத்துல எறிஞ்சதாச் சொன்னீரே, அதான்."

ஒலி முகம்மது தலைத்துண்டை மெதுவாக உருவித் தோளில் போட்டார். "தங்கச்சி, அப்பம் ஒங்க பழைய ரிங்கு எனக்குன்னா, ஒங்க வண்டியில இப்பம் ஓடுறது யாரோடது?"

கொட்டகையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வடகரை லாரிக்குள் இலத்தூர் ரிங், இலத்தூர் லாரிக்குள் வாசுதேவநல்லூர் ரிங். இரண்டு மாதத்தில் மாவட்டத்து லாரிகள் அனைத்தையும் சாமி சம்பந்தி ஆக்கியிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் மூட்டை மூட்டையாக இன்னும் எத்தனையோ உறவுகள் ஊறிக்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்த்தால் மான்தோல் மட்டும் இருந்தது. சாமி, லாரி ஓட்டத் தெரிந்த சிஷ்யன் ஒருவனோடு வரிசையின் முன்னால் நின்ற லாரி ஒன்றில் ஏறிவிட்டார். அவசரத்தில் ஒன்றை மறந்துபோனார். அது அவர் ஆசீர்வதித்த லாரி. ரோட்டு மேட்டின் பாதியில் அது பெருமூச்சு விட்டு, ஒரு மேகம் புகையைக் கக்கிவிட்டு நின்றது. யாரும் ஓடவில்லை. நடந்தே போய்ப் பிடித்தார்கள்.

மறுநாள் அத்தான் மலையேறவில்லை. மெட்ராஸ் ரிங் வரும்வரை லாரி வாசலில் படுத்திருந்தது. கிளீனருக்கு அக்கா தினமும் சோறு போட்டாள், ஏற்றத்தில் சந்தேகப்பட்டதற்காக.

ஆனால் அந்த வாரமே அவள் வாசலில் ஒரு கூட்டம் கூடியது. லாரிக்காரர்கள். ஆளுக்கொரு ரிங்கைக் கையில் ஏந்தியிருந்தார்கள்.

"யக்கா, நீங்க பேர் வெட்டுன ரிங்குதான் சாமியவே கவுத்துச்சாம். எங்க ரிங்குலயும் ஒங்க பேர ஒரு கீறு கீறிக் குடுங்க. ராசியா இருக்கும்."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசல் தூணில் சாய்ந்து நின்ற குற்றாலிங்கம், இதற்கு ஒரு மனத்தத்துவ விளக்கம் இருப்பதாகத் தொடங்கினான்.

"நீ பேசாதலே. ஓட்டைப் பானையக் கும்பிட்டவங்க அவங்க. அதுக்கு இங்கிலீஷுல பேர் வெச்சவன் நீ." எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "பேர் வெட்டினா ஓட்டை அடையாது. வீட்டுக்குப் போயி ஒங்க தலைய ஒவ்வொண்ணா வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் இந்தப் பக்கம் வருதான்னு."

குற்றாலிங்கம் அவரவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் ஆளாக முற்றத்தில் இறங்கி வெயிலில் நின்றான். தென்காசியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பின்னால் வரிசையில் இடம் இருக்கிறது. நீங்களும் வந்து நிற்கலாம்.